கல்லாவுக்கு மேலே ஒரு விளக்கு

கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது என் தொழில். விற்பவர்கள், இடிப்பவர்கள், மாற்றிக் கட்டுபவர்கள் என்று எல்லாரும் என்னிடம் வருவார்கள். கோணல் சுவரையும் காரணமில்லாத படியையும் எத்தனையோ பார்த்தாயிற்று. கட்டியவர் ஏன் இப்படிக் கட்டினார் என்று நான் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. கொத்தனார் தூங்கியிருப்பார், இல்லாவிட்டால் சொந்தக்காரருக்குக் கிறுக்கு. எங்கள் பழைய சாப்பாட்டுக் கடையை அளக்கப் போன அன்றும் அதே எண்ணத்தோடுதான் போனேன். அங்கே சொந்தக்காரர் என் அப்பா. அதனால் இரண்டில் எது என்று யோசிக்கும் வேலைகூட மிச்சம்.

கட்டடம் முதலில் துணிக் கிடங்காக இருந்தது. தடித்த சுவர், உயர்ந்த ஓட்டுக்கூரை, நடுவில் ஒரு குறுக்குச் சுவர். அப்பா அதை வாங்கியபோது அவருக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை, இந்தப் பக்கம் சாப்பிடும் கூடம் என்று பிரித்தார். அதுவரை சரி. பிறகு அந்தச் சுவரை இடுப்பு உயரத்துக்கு மேல் நீளவாக்கில் உடைத்து, ஒரே பலகையாகக் கண்ணாடி போட்டார். கூடத்தின் நடுவில் கூரையைத் தாங்கி நின்ற தூணை எடுத்துவிட்டு இரும்பு உத்தரம் ஏற்றினார். கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டாராம், தூண் என்ன பாவம் செய்தது என்று.

அதோடு நிற்கவில்லை. பின்சுவரில் இருந்த ஜன்னல்களை அடைத்து, அந்தச் சுவர் முழுக்கக் கரும்பச்சை பூசினார். கண்ணாடிக்கு நேர் மேலே கூரையைத் திறந்து கண்ணாடி ஓடுகள் பதித்தார். கூடத்தின் பின்பாதித் தரையை இரண்டு படி உயர்த்தினார். மேசைகளைத் தரையோடு சேர்த்து ஆணி அடித்தார். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பக்கம் மட்டும் பெஞ்சு. சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் சமையலறையைப் பார்த்தபடி, சினிமா பார்ப்பதுபோல வரிசையாக உட்கார வேண்டும். கணவனும் மனைவியும் வந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாப்பிட முடியாது. அதனாலேயே நிறையக் குடும்பங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போயின என்று அம்மா சொல்வாள்.

ஊர் அதற்குக் 'கொட்டகை' என்று பெயர் வைத்தது. அப்பாவுக்கு 'ஜோசியர்' என்று பெயர் வைத்தது. அதற்குக் காரணம் இருந்தது. நாலாவது வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் சூப்பில் உப்புக் குறைவு என்று முணுமுணுப்பார். அடுத்த நிமிடம் உப்புக் கிண்ணம் அவர் முன்னால் வந்து உட்காரும். ஒரு பெண் தன் தங்கையிடம் இன்றைக்கு எதுவும் இறங்கவில்லை என்று சொல்வாள். பாதி உணவை எடுத்துவிட்டு நீர்க்கஞ்சி வைக்கச் சொல்லி அப்பா ஆள் அனுப்புவார். கண்ணாடிக்குப் பின்னால் அடுப்பில் நிற்கிற மனுஷனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று ஊரே வாயைப் பிளந்தது. அவர் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை. ஓயாமல் அந்தக் கண்ணாடியில் படியும் ஆவியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார். கண்ணாடிக்குச் செய்த சேவையில் கால்வாசி எனக்குச் செய்திருந்தால் நான் மகாராணி என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

கடைக்குச் சில சட்டங்கள் உண்டு. பரிமாறுகிறவர்கள் மீசை வைக்கக் கூடாது. வாடிக்கையாளர்களில் பெரிய மீசைக்காரர் யாராவது வந்தால் அவரை முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். அது மரியாதை என்று மீசைக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஆர்டரை யாரும் கத்தக் கூடாது, கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும். வேறு கடைகள் சந்தை மாதிரி இரைந்துகொண்டிருக்க, எங்கள் கடை பள்ளிக்கூடத் தேர்வு அறை மாதிரி இருக்கும்.

வீட்டுச் சட்டங்கள் அம்மாவுடையவை. பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசக் கூடாது. அடுத்த அறையிலிருந்து யாரையும் கூப்பிடக் கூடாது, எழுந்து போய்க் கூப்பிட வேண்டும். அம்மாவே அப்படித்தான். அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் போய்த் தோளைத் தொட்டு, அவர் திரும்பிய பிறகுதான் வாயைத் திறப்பாள். இந்த வயசில் என்ன கொஞ்சல் என்று நானும் அண்ணனும் கண்ணடித்துக்கொள்வோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவிடம் எதையாவது கேட்டு வாங்க வேண்டுமென்றால் இருட்டில் கேட்க வேண்டும் என்று அண்ணன் கண்டுபிடித்திருந்தான். மின்சாரம் போன நேரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் கேட்டான். அப்பா "சரி" என்றார். மறுநாள் அவன் ஞாபகப்படுத்தியபோது அவர் முகம் போன போக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆனாலும் வாங்கிக் கொடுத்தார். சரி என்று சொல்லிவிட்டால் அவருக்கு அது சரிதான், கழுத்தே போனாலும் மாற்ற மாட்டார். அம்மாதான் எங்களைத் துரத்துவாள். "கேக்குறதை வெளிச்சத்துல வந்து கேளுங்க, திருட்டுக் கழுதைகளா."

அம்மா நோயில் படுத்த பிறகு கடையை மூடினோம். அவள் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அப்பா என்னோடுதான் இருக்கிறார். காது சுத்தமாகப் போய்விட்டது, வயசானால் வருவதுதானே என்று கருவி வாங்கிக் கொடுத்தேன். அது அலமாரியில் சுகமாகத் தூங்குகிறது. அவர் பேச்சும் குறைந்துவிட்டது. நான் என்ன கேட்டாலும் "சரி"தான். சாப்பிடுறீங்களா, சரி. ஜன்னலைச் சாத்தவா, திறக்கவா? அதற்கும் சரி.

அந்தக் கட்டடத்தை ஒரு பல் மருத்துவர் வாடகைக்குக் கேட்டார். சின்ன வயசு, பொறுமையான பெண். கண்ணாடிச் சுவரை எடுத்துவிட்டு உள்ளே சிகிச்சை அறை வைப்பதாகத் திட்டம். ஆரம்பத்தில் அப்பா தலையாட்டினார். வரைபட வேலை தொடங்கியதும் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று இடுப்பில் செருகிக்கொண்டார். காரணம் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. மருத்துவர் நாகரிகமாகக் காத்திருந்தார், எனக்குத்தான் மானம் போனது. கடைசியில் அளக்கவாவது விடுங்கள் என்று எழுதிக் காட்டாத குறையாகக் கெஞ்சி, அவரையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே போனேன்.

உள்ளே பூட்டிக் கிடந்த கட்டடத்தின் வாசனை. அப்பா நேராகச் சமையலறைக்குள் போய், பழைய துணி ஒன்றைத் தேடி எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் நாடாவைப் பிடித்துக்கொண்டு மேசை மேசையாகப் போனேன். மேசைகள் நேர் வரிசையில் இல்லை, லேசாக வளைந்திருந்தன. சிறு வயதிலிருந்து பார்த்த வளைவுதான், ஆனால் காகிதத்தில் குறித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ஒவ்வொரு பெஞ்சின் நடுவிலிருந்தும் நேராக ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். தொழில் புத்தி. கோடுகள் எல்லாம் கண்ணாடியைத் தாண்டிப் போய் ஒரே இடத்தில் முட்டின. அடுப்புக்கு முன்னால், அப்பா நிற்கும் இடத்தில். எடுத்த தூண் நின்றிருந்தால் அந்தக் கோடுகளில் பாதியை மறைத்திருக்கும். உயர்த்திய தரை, பின்வரிசை முகங்களை முன்வரிசைத் தலைகளுக்கு மேலே தூக்கியது. கண்ணாடி ஓட்டு வெளிச்சம் முன்னாலிருந்து முகத்தில் விழுந்தது. பின்னால் கரும்பச்சைச் சுவர். எனக்கு மீசைக்காரர்கள் ஞாபகம் வந்தார்கள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

சமையலறைக்குள் போய் அப்பாவின் தோளைத் தொட்டேன். வரைந்ததைக் காட்டி, "இது எப்போலேருந்துப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அணைந்த அடுப்பின் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒரு காது கல்யாணத்துக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டதாம். பெண் வீட்டில் கேட்டபோது குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். மற்றதும் மெல்ல மெல்ல மங்கி, நான் பிறப்பதற்குள் முழுக்க அடங்கிவிட்டது. முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய், அதைக் காப்பாற்ற ஒரு கட்டடம். கிடங்கை வாங்கியபோதே வரப்போவது தெரிந்துதான் கண்ணாடி வைத்தார். உதடுகளைப் படிக்கப் பழகிக்கொண்டார். ஊர் ஜோசியர் என்றது, அவர் மறுக்கவில்லை. நான் பிள்ளையாய் அழுத சத்தத்தை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

அம்மா கூடத்தின் மறுகோடியில், வாசலுக்குப் பக்கத்தில் கல்லாவில் சமையலறையைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஆள் இல்லாத நேரத்தில் தனக்குத் தானே பேசிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். இடுப்பு வலிக்கிறது என்பாள். அன்றைக்கு அடுப்பு சரியில்லை என்று சொல்லி அப்பா சீக்கிரம் கடையை மூடிவிடுவார். கிழத்துக்கு முடி வெட்டிக்கொள்ள நேரமில்லை என்று திட்டுவாள். அடுத்த நாள் முடி வெட்டியிருக்கும்.

"அவ தனியாப் பேசிக்கிறா, நான் திருட்டுத்தனமாப் படிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் அப்பா. "ஒருநாள் கடை மூடுற நேரம். இந்த ஆளைக் கட்டிக்கிட்டதுல எனக்கு ஒரு குறையும் இல்லைன்னு சொன்னா. அதுக்குக்கூட நான் பதில் சொல்லலை. சொன்னா மாட்டிக்குவேனே."

சிரிக்க முயன்றார், வரவில்லை. பிறகுதான் சாவி விஷயத்துக்கு வந்தார்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள். அறையில் அவரும் அம்மாவும் மட்டும். நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். அம்மா முகத்தில் ஆக்சிஜன் முகமூடி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா ஏதோ சொன்னாள்.

"உள்ள உதடு அசையுது. ஆவி படிஞ்சு ஒண்ணும் தெரியலை. உள்பக்கம் ஆவி, நான் எப்படித் துடைப்பேன்?" கையிலிருந்த துணியை அவர் பிழிந்தார், அது காய்ந்துதான் இருந்தது. "கேக்கலைன்னு சொல்லியிருக்கணும். அத்தனை வருஷம் கழிச்சு, அந்த நேரத்துல எப்படிச் சொல்றது? சரின்னுட்டேன். அவ கண்ணை மூடிக்கிட்டா. எதுக்குச் சரி சொன்னேன்? கடையை யாருக்கும் குடுக்காதீங்கன்னு கேட்டிருந்தா? நம்ம பையன்கிட்ட போய் இருங்கன்னு கேட்டிருந்தா? வாக்குக் குடுத்திருக்கேன், என்ன வாக்குன்னு தெரியலை."

வாயாடி என்று பேர் எடுத்த நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அடுப்பின் விளிம்பிலேயே உட்கார்ந்தேன். அம்மா எதையும் கேட்டிருக்க மாட்டாள் என்று நான் சொன்னால் அது ஆறுதல் பேச்சு. என் அப்பா ஆறுதல் பேச்சை உதட்டிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கரண்டுக்காரர் வந்து நின்றார். பழைய ஒயர்களைப் பார்த்துச் சொல்லும்படி மருத்துவர் அனுப்பியிருந்தார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். கரண்டுக்காரர் கட்டடம் முழுக்க நடந்து, ஒயரெல்லாம் சொத்தைப் பல் மாதிரி இருக்கிறது, இதற்கும் அந்த டாக்டரம்மாதான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பிறகு கல்லாவுக்கு வந்தவர், அதன் முன்னால் வளைந்த கம்பியில் தொங்கிய விளக்கை முறைத்தார்.

"இதை மொதல்ல கழட்டிடுறேன்மா. நான் தனியாத் தொழில் ஆரம்பிச்சப்போ போட்டது. போட்ட நாள்லேருந்தே எனக்கு இதைக் கண்டா ஆகாது."

அந்த விளக்கு எனக்கும் புதிர்தான். பணப்பெட்டிக்கு வெளிச்சம் என்று பெயர், ஆனால் பெட்டி இருட்டில் கிடக்கும். உட்கார்ந்திருப்பவர் கண்ணில் நேராக அடிக்கும். சாயங்காலமானால் அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். அது யார் செய்த கோளாறு என்று கேட்டேன்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் ஒழுங்காத்தான் வெச்சேன். பெட்டிக்கு மேல, அழகா. உங்கம்மா ஒத்துக்கலை. கழட்டி மூஞ்சிக்கு நேரா வைன்னாங்க. கண்ணு கூசும்மான்னு சொன்னேன். கூசினா கூசட்டும்னுட்டாங்க. அதோட விட்டாங்களா? என்னைக் கூட்டிட்டுப் போய் அடுப்புகிட்ட நிக்க வெச்சுட்டு, இங்க வந்து உக்காந்து ஏதோ பேசினாங்க. என் வாய் தெளிவாத் தெரியுதான்னு பாரு, உதடு தெரியுதா பாருன்னு. தெரியுற வரைக்கும் விளக்கை நகத்து நகத்துன்னு என் உயிரை வாங்கிட்டாங்க."

அப்போது அப்பா எங்கே இருந்தார் என்று கேட்டேன்.

"சந்தைக்குப் போயிருந்தாரு. அவர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு வேற கண்டிஷன். பெட்டிக்கு வெளிச்சம் பத்தலைன்னு போட்டதா சொல்லணுமாம். புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்."

அவரை விளக்கில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லி, பல்பு எரியுமா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். அவரிடம் இருந்த புதுப் பல்பைப் போட்டுக் கொடுத்தார். கூடத்து ஒயர் பிழைத்துக் கிடந்தது, எரிந்தது. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று அவர் போனார்.

கொல்லைக்குப் போய் அப்பாவின் தோளைத் தொட்டேன். அடுப்புக்கு முன்னால் போய் நில்லுங்கள் என்றேன். வழக்கம்போல ஏன் என்று கேட்காமல், சரி என்று போய் நின்றார். நான் கூடத்தைக் கடந்து கல்லாவில், அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். விளக்கு கண்ணில் அடித்தது. காலிப் பெஞ்சுகளுக்கு அப்பால், துடைத்த கண்ணாடிக்குள் அப்பா சின்னதாக, தெளிவாகத் தெரிந்தார்.

சத்தமே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தேன். "அம்மாவுக்குத் தெரியும்."

அப்பா அசையவில்லை. நான் இன்னொரு முறை சொன்னேன். பிறகு கரண்டுக்காரர் சொன்னதை எல்லாம், அடுப்புகிட்ட நிற்க வைத்தது முதல் சந்தைக்குப் போயிருந்தது வரை, ஒரு வார்த்தை விடாமல் அந்த விளக்குக்குக் கீழே உட்கார்ந்து குரலில்லாமல் சொன்னேன். கண்ணீர் வந்தது. துடைத்தால் கை வாயை மறைக்கும் என்று துடைக்கவில்லை.

அவர் கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். படிகளில் ஏறி, கல்லாவுக்கு முன்னால் வந்து, சூடான விளக்கின் தகரத் தொப்பியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ தினமும் என்னைத் திட்டினதெல்லாம் எனக்குத் தெரியணும்னுதான் திட்டினாளா?"

நான் தலையாட்டினேன். அப்பா சிரிக்க ஆரம்பித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடியும் சிரிப்பானது. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து வேட்டி முனையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குறையில்லைன்னு சொன்னாளே, அதுவும் எனக்குச் சொன்னதுதான். நான் திருடினதா நினைச்சுக்கிட்டு இருந்தேன், அவ குடுத்திருக்கா."

விளக்கை அணைக்கவா என்று நான் கையை நீட்டியபோது வேண்டாம் என்றார். ஏதோ கணக்கைப் போட்டு முடித்தவர்போல மெதுவாகப் பேசினார்.

"எனக்குக் கேக்காதுன்னு அவளுக்குத் தெரியும்னா, எங்கிட்ட ஏதாவது கேக்கணும்னா அந்த முகமூடியை இழுத்துட்டுக் கேட்டிருப்பா. கையில பலம் இருந்துச்சு. என் கையை அந்தப் புடி புடிச்சிருந்தா. அவ வாக்கு எதுவும் கேக்கலை. நான் கேக்காமலே சரின்னு சொல்லுவேன்ல, அதை இன்னொரு தடவை கேக்கணும்னு இருந்திருக்கா. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இந்த முறை ஆறுதல் பேச்சு என் வாயிலிருந்து வரவில்லை, அவர் வாயிலிருந்து வந்தது. அதை நான் நம்புகிறேன்.

அப்பா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். டாக்டரம்மா கண்ணாடியை எடுத்துக்கொள்ளட்டும் என்றார். இத்தனை வருஷம் நான் ஊர் வாயைப் பார்த்தேன், இனி அந்தப் பெண் பார்க்கட்டும், அவளுக்காவது எல்லாரும் நன்றாகத் திறந்து காட்டுவார்கள் என்றார். விளக்கை மட்டும் கம்பியோடு கழற்றித் தரச் சொன்னார். வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு மேலே, நான் உட்காரும் பக்கம் மாட்ட வேண்டுமாம். கண் கூசுமே என்றேன். கூசினால் கூசட்டும் என்றார்.

கரண்டுக்காரர் வந்து கழற்றிக் கொடுத்தார். நான் கதவை இழுத்துப் பூட்டினேன். பழைய பூட்டு, இறுகிக்கொண்டது. அதோடு மல்லுக்கட்டியபடியே, பின்னால் விளக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற அப்பாவிடம், போகும் வழியில் ரொட்டி வாங்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். வழக்கமான "சரி" வரவில்லை. தோளில் ஒரு கை பட்டது.

"கேக்கலைம்மா" என்றார் அப்பா. "திரும்பிச் சொல்லு."